பரணிலிருந்து இறங்கும் பிராம்: குழந்தையைப் படுக்க வைக்குமுன் முகர்ந்து பாருங்கள்!

ஒரு நாள் சாயங்காலம், வைத்தியசாலையில் கூட்டம் குறைந்த நேரம். செவிலிமேட்டிலிருந்து ஒரு பாட்டியம்மா வந்தார். கையில் குழந்தை இல்லை. வாசலில் ஒரு பிராம் நின்றது.

"ஐயா, பேரன் பொறந்து நாப்பது நாளாகுது. எங்க நாத்தனார் வீட்டுப் பரண்ல இந்த வண்டி ஆறு வருசமா சும்மா கெடந்தது. ஆயிரம் ரூபா கொடுத்துட்டு எடுத்துக்கோங்கறாங்க. வாங்கலாமா?"

சூரணம், லேகியம் தருகிற வைத்தியனிடம் பிராம் பற்றிக் கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது. ஆனாலும் எழுந்து போய், குனிந்து அதன் மெத்தையை முகர்ந்து பார்த்தேன். எதிர்பார்த்தது சரிதான். அந்துருண்டை வாடை 'குப்'பென்று அடித்தது.

"அம்மா, மத்ததெல்லாம் அப்புறம் பார்க்கலாம். மொதல்ல இந்த மெத்தையைத் தூக்கிப் போடுங்க" என்றேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. மெத்தை புதுசு போலத்தான் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? பல வருடங்களுக்கு முன் ஒரு தம்பதி, பிறந்து ஆறு நாளான ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். உள்ளங்கால் வரை மஞ்சள். பால் குடிக்கவில்லை. சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போயிருந்தது. "கீழாநெல்லி கொடுங்க ஐயா" என்று கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. அந்த நிமிடமே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். அங்கே நீல விளக்கின் கீழ் வைத்து, ரத்தம் மாற்றிக் காப்பாற்றினார்கள். பிறகு விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்துருண்டை போட்டுப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த பழைய துணியை அப்படியே எடுத்துக் குழந்தையைச் சுற்றியிருக்கிறார்கள்.

அந்துருண்டையில் இருப்பது நாப்தலீன். சிலருடைய ரத்தத்தில் ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட சிசு நாப்தலீன் ஆவியைச் சுவாசித்தாலோ, அது தோல் வழியாக உள்ளே போனாலோ, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை ஏறும். அது மிஞ்சினால் மூளையைத் தாக்கும். செவித்திறன் போகலாம், உயிரே போகலாம். உங்கள் குழந்தைக்கு அந்தக் குறை உண்டா என்று பரிசோதிக்காமல் சொல்ல முடியாது. ஆகவே எல்லாக் குழந்தைக்கும் ஒரே எச்சரிக்கைதான்.

பஞ்சும் ஸ்பாஞ்சும் வாடையைக் குடித்து வைத்துக்கொள்ளும்; துவைத்தாலும் முழுக்கப் போகாது. மெத்தையைத் தூர எறிந்துவிட்டுப் புதிதாகத் தையுங்கள். மெல்லியதாக, கெட்டியாக, அடித்தட்டில் இடைவெளி விடாமல் பொருந்த வேண்டும். கழற்றக்கூடிய துணிகளை வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, வாடை அறவே நீங்கும்வரை நல்ல வெயிலில் காய வையுங்கள். வண்டியை மறுபடி பரணில் ஏற்றும்போது உருண்டையும் வேண்டாம், கற்பூரமும் வேண்டாம். கற்பூரமும் குழந்தைக்கு நஞ்சுதான். நன்றாக உலர்த்தித் துணியால் மூடி வைத்தாலே போதும்.

பாட்டியம்மா கொஞ்சம் தெளிந்தார். "சரி, வண்டி எப்படி?" என்றார்.

பக்கத்து மளிகைக் கடையிலிருந்து பத்து கிலோ அரிசி மூட்டையை வாங்கி வந்து உள்ளே வைத்தோம். ஒரு வயதுக் குழந்தையின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். பிரேக்கை அழுத்திவிட்டு, வாசல் சரிவில் வைத்து லேசாகத் தள்ளினேன். ஒரு சக்கரம் நின்றது, மற்றது உருண்டது! வெறும் வண்டியில் இது தெரிந்திருக்காது. தறி ஓடும் வீடுகளில் கூடத்திலேயே குழித்தறி இருக்கிறது. பிரேக் பிடிக்காத வண்டி தறிக்குழிப் பக்கம் உருண்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சைக்கிள் கடையில் பிரேக்கைச் சரி செய்தபின் மறுபடி மூட்டையை வைத்துப் பாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் வாங்கவே வேண்டாம் என்றேன்.

அடுத்தது கீல். இங்கிலாந்து விமானப் பொறியாளர் ஓவன் மெக்லாரன் 1965-ல் குடை போல மடியும் தள்ளுவண்டியை வடிவமைத்தார். வசதிதான். ஆனால் 2009-ல் அமெரிக்காவில் அந்தக் கம்பெனியின் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல் மூடி கொடுக்க வேண்டியதாயிற்று. வண்டியை விரிக்கும்போது குழந்தைகளின் விரல் நுனி துண்டாகியிருந்ததே காரணம். பழைய வண்டியில் மூடி உடைந்திருக்கிறதா பாருங்கள். மடிக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தை வேறொருவர் இடுப்பில் இருக்கட்டும். விரித்ததும் 'டக்'கென்று பூட்டு விழ வேண்டும்.

பெல்ட் ஐந்து முனை உள்ளதாக இருப்பது நல்லது: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. நைந்து போன பெல்ட்டுக்குச் சாதாரண நாடா தைத்துச் சமாளிக்காதீர்கள்.

பெயிண்ட் உரியும் பழைய இரும்பு வண்டி என்றால் வேண்டவே வேண்டாம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் கூடாது என்று 2016-ல்தான் நம் நாட்டில் விதி வந்தது. அதற்கு முந்தைய பூச்சை நம்ப முடியாது. குழந்தை கைப்பிடியைச் சப்பும்.

"நாப்பது நாள் புள்ளையை இதுல உட்கார வைக்கலாமா?" என்று பாட்டி கேட்டார். நல்ல கேள்வி. தலை நிற்காத குழந்தையைச் சாய்த்து உட்கார வைத்தால் தலை கவிழ்ந்து, மோவாய் மார்பில் பட்டு மூச்சு தடைபடும். முதுகுப் பலகை முழுக்கப் படுக்கும் வண்டிதான் முதல் ஆறு மாதத்துக்கு ஏற்றது. அவர் கொண்டு வந்தது அப்படிப் படுத்தது, அதிர்ஷ்டம். வெயிலுக்காக வண்டி முழுவதையும் துணியால் மூடுவதும் தப்பு. காற்றோட்டமின்றி உள்ளே அடுப்பு மாதிரி சூடேறும். வரதராஜப் பெருமாள் கருட சேவைக் கூட்டத்தில் பிராம் எதற்கு? தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது, "அதே பரண்ல வாக்கரும் ஒண்ணு இருக்கு, சும்மாவே தரேன்னாங்க" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கனடாவில் 2004-லேயே வாக்கர் விற்பனைக்குத் தடை. பழையதை விற்பதும் குற்றம். அதில் உட்கார்ந்த குழந்தை கண் இமைக்கும் நேரத்தில் படிக்கோ அடுப்புக்கோ போய்விடும். நடையும் அதனால் சீக்கிரம் வராது. எழுந்து நிற்கப் பழகிய பிறகு, நம் மர நடைவண்டியைத் தள்ளி நடக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

பத்து நாள் கழித்து பாட்டி அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். புது மெத்தை, பிடிக்கிற பிரேக். நாத்தனாரிடம் முன்னூறு ரூபாய் குறைத்துப் பேசி வாங்கினாராம். பேரன் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் மறுபடியும் குனிந்து முகர்ந்து பார்த்தேன். பால் வாடை மட்டும்தான்.