புதுக் குளத்தில் தங்கமீன் ஏன் சாகிறது?

மாணவர்களே, சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் தஞ்சோங் காராங்கில் எங்கள் வீட்டுப் பின்புறம் சிமெண்டால் ஒரு சிறு குளம் கட்டினேன். நீளம் ஐந்தடி, அகலம் மூன்றடி, ஆழம் ஒன்றரை அடி. ஏறக்குறைய 600 லிட்டர் பிடிக்கும். குழாய் நீரை நிரப்பி மறுநாளே பன்னிரண்டு தங்கமீன்களை விட்டேன். நீர் கண்ணாடிபோல் இருந்தது. நான்காம் நாள் காலையில் மூன்று மீன்கள் செத்து மிதந்தன. பதறிப்போய்க் குளத்தைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, மீண்டும் குழாய் நீரை நிரப்பினேன். வாரம் முடிவதற்குள் மிஞ்சியவை இரண்டே. “அப்பா, நீங்கள் அறிவியல் ஆசிரியர்தானே?” என்றாள் மகள். கேட்க வேண்டிய கேள்விதான்.

நான் செய்த முதல் தவறு சிமெண்டை மறந்தது. புதுச் சிமெண்டிலிருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு கரைந்து நீரில் கலக்கும். கரிவளியைக் கண்டறிய ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்துகிறீர்களே, அந்தச் சுண்ணாம்பு நீர் இதுதான். சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தால் நீலமாகும். நம் ஊர்க் கம்பத்துப் பெரியவர்கள் புதுத் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பார்கள். வெறும் நம்பிக்கை என்று நினைத்திருந்தேன். தண்டு அழுகும்போது கரிவளியும் மென்மையான அமிலங்களும் உண்டாகின்றன. அவை சுண்ணாம்பின் காரத்தைத் தணிக்கின்றன. இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டு, அழுகலை நீக்கி, நன்றாகக் கழுவி, லிட்மஸ் தாளால் மீண்டும் சோதியுங்கள்.

அடுத்தது அம்மோனியா. மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட உணவு அழுகினாலும் அதுவே. 30 பாகை செல்சியஸ் நீரில் பி.எச். 7 என்றால், அந்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. பி.எச். 8 ஆனால் ஏழு பங்கு. 9 ஆனால் ஏறக்குறைய பாதி! காரம் ஏறிய என் குளத்தில் அதே அளவு கழிவு பல மடங்கு நஞ்சாகியிருக்கிறது.

பழைய குளங்களில் மீன் எப்படிப் பிழைக்கிறது? 1890ஆம் ஆண்டு வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் இதற்குரிய பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் நஞ்சுதான். இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் செய்யும், செவுள் பழுப்பாகும். நைட்ரேட்டு அவ்வளவு கெடுதல் இல்லை. நீர்ச்செடிகளுக்கு அது உரம். நம் வயல் மண்ணில் போடும் யூரியாவும் இப்படித்தான் படிப்படியாக மாறுகிறது.

இந்தப் பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பதைவிடக் கல்லிலும் சுவரிலும் வடிகட்டிப் பஞ்சிலும் வழுவழுப்பாக ஒட்டி வாழ்பவை. போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நானோ, ஒட்டத் தொடங்கியிருந்தவற்றையும் தேய்த்துக் கழுவிவிட்டேன். போதாக்குறைக்குக் குழாய் நீரின் குளோரின் வேறு. அது பாக்டீரியாவையும் கொல்லும், செவுளையும் அரிக்கும். நீரை வாளியில் பிடித்து ஓரிரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் மீன் கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் படிகங்கள் போதும்.

ஆகவே முதல் மாதம் இரண்டே மீன். உணவும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே. தெரிந்தவர் குளத்து வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் வடிகட்டியில் வைத்தால் காத்திருப்பு குறையும். நீரை மாற்றுவதானால் வாரம் ஐந்தில் ஒரு பங்கு.

வெயிலையும் கவனியுங்கள். தங்கமீன் சீனாவின் குளிர்ந்த நீரிலிருந்து வந்தது. 20 பாகையில் ஒரு லிட்டர் நீரில் 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் ஏழரைதான். செடிகளும் இரவில் உயிர்வளியை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் தட்டுப்பாடு மிகுதி. அப்போது மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கினால் காற்றுக் குழாய் போடுங்கள், பாதிக் குளத்துக்காவது நிழல் கொடுங்கள். கொசுக் கவலை வேண்டாம், புழுக்களை மீன் தின்றுவிடும். மீன் வேண்டாமென்றால் மட்டும் வயல் வாய்க்காலில் விட்டுவிடாதீர்கள், அங்குள்ள மீன்களுக்கு இவை அந்நியர். பிழைத்த என் இரண்டும் இப்போது உள்ளங்கை அளவு. இன்னும் நான்கை வாங்கலாமா என்று மகள் கேட்கிறாள். முதலில் லிட்மஸ் தாளை எடுத்து வா என்றேன்.