ஸ்கேன் சிடியைத் திறப்பது எப்படி?

சொந்த ஊரான அரூருக்கு நான் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் எம்.ஆர்.ஐ. சிடியை நீட்டி, "தம்பி, இது நம்ம கம்ப்யூட்டர்ல திறக்கவே மாட்டேங்குது" என்பார். காரணம் எளிது. அதில் உள்ளவை ஜேபிஜி ஃபைல்கள் அல்ல. டைகாம் என்ற மருத்துவ வகை ஃபைல்கள்.

பல சிடிக்களில் அவற்றைப் பார்க்கும் மென்பொருளும் சேர்ந்தே இருக்கும். இல்லையெனில், சொந்த உபயோகத்திற்கு இலவசமான மைக்ரோடைகாம் மென்பொருளை விண்டோஸில் நிறுவி, சிடியின் ஃபோல்டரைத் திறவுங்கள். மவுஸ் வீலை உருட்டினால் மூளையின் படங்கள் ஒவ்வொரு அடுக்காக நகரும்.

டி2, ஃப்ளேர் வரிசைகளில் வீக்கம் வெள்ளையாகத் தெரியும். மருந்து செலுத்தி எடுத்த டி1 வரிசையில், ரத்தக்குழாயின் தடுப்பு பழுதான இடம் பளிச்சிடும். டிஃப்யூஷன் வரிசை, சீழ்க்கட்டியைப் புற்றுக்கட்டியிலிருந்து பிரித்தறிய உதவும். ஸ்பெக்ட்ரோஸ்கோபி, அந்த இடத்தின் ரசாயனங்களை வரைபடமாகக் காட்டும். பேச்சு, கை அசைவு ஆகியவற்றுக்கான பகுதிகளை ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. காட்டும். எதுவரை வெட்டலாம் என்று டாக்டர் திட்டமிடுவது இவற்றையெல்லாம் வைத்துத்தான்.

ஸ்கேனில் தெரியும் புள்ளியெல்லாம் புற்று அல்ல. வலிப்புடன் வருபவர்களின் சி.டி. ஸ்கேனில் தெரியும் ஒற்றைச் சிறு புள்ளியை, ஒரு காலத்தில் நம் நாட்டில் பெரும்பாலும் காசநோய்க் கட்டி என்றே கருதினார்கள். வேலூர் சி.எம்.சி.யின் சாண்டி, ராஜசேகர் குழுவினர் அவற்றை எடுத்துப் பரிசோதித்து, பல நாடாப்புழுவின் இளம்புழுவால் வந்தவை என்று 1989-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். இவற்றில் பல தானாகவே மறைந்துவிடும். அளவு 20 மி.மீ.க்குள் இருப்பது போன்ற அடையாளங்கள் பொருந்தினால், வலிப்பு மாத்திரையுடன் மறு ஸ்கேன் வரை காத்திருக்கலாம், ஆபரேஷன் தவிர்க்கப்படுகிறது.

ஒரு முக்கியக் குறிப்பு. டைகாம் படத்தில் பெரும்பாலும் 12 பிட், அதாவது 4,096 சாம்பல் நிலைகள் இருக்கும். சாதாரண ஜேபிஜியில் 256தான். எனவே மானிட்டரை மொபைலில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், டாக்டருக்கு வேண்டிய நுணுக்கம் போய்விடும். முழு ஃபோல்டரையும் பென்டிரைவில் காப்பி செய்து கொடுங்கள். பழைய சிடியையும் எடுத்துச் செல்லுங்கள். புள்ளி வளர்ந்ததா, சுருங்கியதா என்பதை இரண்டையும் ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். படத்தைத் திறப்பது நம் வேலை. முடிவு சொல்வது டாக்டரின் வேலை.