மண்ணுக்குள் ஓர் ஏந்தல்

நுழையும்முன்

நாள்தோறும் கையில் புழங்கும் பொருள்களே நம் கவனத்திலிருந்து எளிதில் நழுவிவிடுகின்றன. அடுக்களையின் மூலையில் கிடக்கும் உருளைக்கிழங்கை அறியாதவர் இல்லை. அது வேரா, தண்டா என்று கேட்டால் பலரும் தயங்குவர். அது ஏன் முளைக்கிறது, ஏன் பச்சையாகிறது, அப்பச்சை நம் உடலுக்கு நல்லதா என்னும் வினாக்கள் அறிவியலுக்கு மட்டும் உரியவை அல்ல, நலவாழ்வுக்கும் உரியவை. ஒரு கிழங்கை உற்றுநோக்கி அதன் வாழ்வை அறிய முற்படுகிறது இப்பாடம்.

ஏந்தலும் கிழங்கும்

கோவில்பட்டி வட்டாரத்தில் கரிசல் மண் சூழ்ந்த ஊர் இளையரசனேந்தல். ஏந்தல் என்பது மழைநீரை ஏந்தி நிற்கும் நீர்நிலையைக் குறிக்கும் சொல். ஊரின் பெயரிலேயே சேமிப்பின் அருமை பதிந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைத் தேக்கி வைத்தால்தான் பங்குனி வெயிலைக் கடக்க முடியும் என்பது வானம் பார்த்த பூமியின் மக்கள் பட்டறிந்த உண்மை.

இதே உண்மையைச் செடிகளும் அறிந்திருக்கின்றன. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், உறைபனியும் வறட்சியும் மாறிமாறி வரும் உயர்நிலங்களில் தோன்றியது உருளைச்செடி. வளர்வதற்கு ஏற்ற காலம் அங்குக் குறுகியது. அக்காலத்தில் இலைகள் உருவாக்கும் சர்க்கரையைச் செடி மண்ணுக்குள் அனுப்பி, மாவாக்கிச் சேர்த்து வைக்கிறது. மேலே இலையும் தண்டும் பனியில் கருகினாலும் கீழே கிழங்கு உயிருடன் உறங்கும். காலம் கனியும்போது அச்சேமிப்பைச் செலவிட்டு முளைக்கும். உருளைக்கிழங்கு, செடி தன் மறுபிறப்புக்காக மண்ணுக்குள் கட்டிக்கொண்ட ஏந்தல்.

வேரா? தண்டா?

தமிழில் கிழங்கு என்னும் ஒரே சொல் பலவகை உறுப்புகளைக் குறிக்கிறது. சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் பருத்த வேர்கள். சேனையும் சேம்பும் தண்டின் வகையான கந்தங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளில் தை மாதத்தில் அவித்து உண்ணும் பனங்கிழங்கோ, பனைவிதையிலிருந்து மண்ணுள் இறங்கும் இளம் முளை. உண்ணும் முறையால் ஒன்றுபட்ட இவற்றைத் தாவரவியல் பிறப்பால் வேறுபடுத்துகிறது.

உருளைக்கிழங்கு தண்டு வகையைச் சேர்ந்தது. செடியின் அடிப்பகுதியிலிருந்து மண்ணுக்குள் கிடைமட்டமாக வெண்ணிறத் தண்டுகள் ஓடுகின்றன. அவற்றின் நுனி பருத்துக் கிழங்காகிறது. இதற்கான சான்று கிழங்கின் மேலேயே இருக்கிறது. அதன் தோலில் காணும் சிறு குழிகளை நாம் கண் என்கிறோம். ஒவ்வொரு கண்ணும் ஒரு கணு; அதனுள் இருப்பவை மொட்டுகள். கண்ணின் ஓரத்தில் புருவம்போல் வளைந்திருக்கும் கோடு, செதில் இலை இருந்த தழும்பு. கணுவும் மொட்டும் இலைத்தழும்பும் தண்டுக்கே உரியவை, வேருக்கு இல்லை.

இங்குத் தமிழ்ச்சொல்லின் நுட்பம் எண்ணி மகிழத்தக்கது. மூங்கில், கரும்பு ஆகியவற்றின் கணுவையும் கண் என்று சுட்டுவது பழந்தமிழ் வழக்கு. கடல் கடந்து வந்த புதிய கிழங்கின் குழிக்கும் அதே பெயரை வழங்கியபோது, நம் மக்கள் அறிந்தோ அறியாமலோ தாவரவியல் உண்மையையே சொல்லிவிட்டனர்.

தெரியுமா?

உருளை, கத்தரி, தக்காளி, மிளகாய், தூதுவளை, மணத்தக்காளி, சுண்டை ஆகியன ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் உருளை, தக்காளி, மிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து ஐரோப்பியர் வழியாக இந்தியாவுக்கு வந்தவை. கரிசல் காட்டில் விளையும் மிளகாயும் மலையில் விளையும் உருளையும் நெடுந்தொலைவு பயணம் செய்து நம் சமையலில் மீண்டும் சந்தித்த உறவினர்கள்.

கண் திறக்கும் காலம்

அறுவடை செய்த கிழங்கு உயிரற்ற பொருள் அன்று. அது மூச்சுவிடுகிறது, தோலில் உள்ள நுண்ணிய பட்டைத்துளைகள் வழியே ஆக்சிஜனை ஏற்றுக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. காற்றுப் புகாத நெகிழிப்பையில் கட்டி வைத்த கிழங்கு வியர்த்து அழுகுவது இதனால்தான்.

அறுவடைக்குப் பின் ஏறத்தாழ இரண்டு, மூன்று மாதங்கள் கிழங்கு முளைப்பதில்லை. ஏற்ற சூழல் அமைந்தாலும் உறங்குகிறது. உறக்கம் கலைந்ததும் முதலில் விழிப்பது நுனியில் உள்ள கண். அது பிற கண்களின் வளர்ச்சியை அடக்கி வைக்கிறது. இதனை நுனி ஆதிக்கம் என்பர். உழவர் விதைக்கிழங்கைத் துண்டாக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் கண் இருக்குமாறு பார்த்து வெட்டுவர். நுனியிலிருந்து பிரிந்ததும் அடங்கியிருந்த கண்களும் முளைவிடுகின்றன.

பச்சை தரும் எச்சரிக்கை

தண்டு என்பதால் கிழங்குக்கு இன்னோர் இயல்பும் உண்டு. ஒளி பட்டால் அதன் தோலுக்கடியில் பச்சையம் தோன்றுகிறது. பச்சையம் தீங்கற்றது; கீரையில் நாம் உண்பதும் அதுவே. ஆயினும் பச்சையத்தைத் தோற்றுவிக்கும் அதே ஒளி, சோலனின், சாக்கோனின் என்னும் நச்சுப்பொருள்களையும் பெருகச் செய்கிறது. மண்ணுக்கு வெளியே வந்துவிட்ட கிழங்கு, பூச்சியும் விலங்கும் தன்னைத் தின்னாதிருக்கச் செய்துகொள்ளும் தற்காப்பு இது. நஞ்சுக்கு நிறமில்லை, அதனுடன் தோன்றும் பச்சை நிறமே நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. முளையிலும் கண்ணைச் சுற்றிய பகுதியிலும் இந்நஞ்சு மிகுதி.

100 கிராம் கிழங்கில் இந்நச்சுப்பொருள்கள் 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அளவு மிகுந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி முதலியன உண்டாகும். வேகவைப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை என்பதை மறத்தலாகாது. 1969ஆம் ஆண்டு இலண்டன் நகரப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 78 மாணவர்கள் நோயுற்றனர். அவர்களுள் 17 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கோடை விடுமுறைக்கு முன் வாங்கி மிஞ்சிய ஒரு மூட்டைக் கிழங்கே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. நல்வாய்ப்பாக அனைவரும் பிழைத்தனர்.

பள்ளிச் சத்துணவிலும் இல்லத்திலும் உருளைக்கிழங்கு இடம்பெறும் நம் மாநிலத்தில் இச்செய்தி அனைவரும் அறியவேண்டியது. கிழங்கை ஒளி படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் சாக்கில் வைத்தல் வேண்டும். கழுவி வைத்தல் கூடாது. சிறிதளவு பச்சை இருப்பின் அப்பகுதியைத் தோலுடன் ஆழமாகச் சீவி நீக்கலாம். பெரும்பகுதி பச்சையானாலோ கசப்புத் தட்டினாலோ சிக்கனம் கருதாது விலக்குவதே அறிவுடைமை.

அடுக்களையே ஆய்வகம்

கிழங்கின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி மாவுச்சத்து. வெட்டிய கிழங்கின்மேல் ஒரு துளி அயோடின் கரைசலை இட்டால் கருநீலமாவது அம்மாவுச்சத்தின் அடையாளம். வேகும்போது ஏறத்தாழ 60 முதல் 70 பாகை செல்சியசில் மாவுத்துகள்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன; கிழங்கு குழைகிறது.

வெட்டிய துண்டு பழுப்பாவது ஏன்? செல்கள் உடைந்ததும் அவற்றுள் தனித்தனியே இருந்த பீனால் பொருள்களும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதியும் ஒன்றுகலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர, பழுப்புநிறம் பிறக்கிறது. நறுக்கியதும் தண்ணீரில் போடும் நம் தாய்மார்கள் ஆக்சிஜன் எளிதில் அணுகாதபடி தடுக்கின்றனர். காரணம் ஏட்டில் எழுதப்படும் முன்பே வழக்கம் அடுக்களையில் இருந்தது.

குளிர்பதனப் பெட்டியில் பல நாள் வைத்த கிழங்கு இனிப்பது மற்றொரு புதிர். குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. அத்தகைய கிழங்கை எண்ணெயில் பொரித்தால் விரைவில் கருகும். 120 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அச்சர்க்கரை, அஸ்பரஜின் என்னும் அமினோ அமிலத்துடன் வினைபுரிந்து அக்ரிலமைடு என்னும் விரும்பத்தகாத பொருளைத் தருகிறது. பொரித்த உணவுகளில் இப்பொருள் உருவாவதை 2002இல் சுவீடன் நாட்டு அறிவியலாளர்கள் வெளிப்படுத்தினர். கருகும்வரை பொரிக்காது பொன்னிறத்தில் எடுத்தலும், அவித்து உண்ணுதலும் இதற்குத் தீர்வு.

கரிசலில் ஏன் விளைவதில்லை?

பருத்தியும் உளுந்தும் மிளகாயும் விளையும் இளையரசனேந்தல் நிலத்தில் உருளை ஏன் விளைவதில்லை என்னும் வினா இயல்பாக எழும். விடை இரவின் வெப்பத்தில் இருக்கிறது. குளிர்ந்த இரவுகளில் இலைகளில் உருவாகும் ஒரு புரதம் சைகையாகக் கீழிறங்கி, மண்ணுக்குள் உள்ள தண்டின் நுனியைப் பருக்கச் செய்கிறது. இரவு வெப்பம் 15 முதல் 20 பாகை வரை இருப்பது இதற்கு ஏற்றது. வெம்மை மிகுந்தால் அச்சைகை தளர்கிறது. பகலில் ஈட்டிய சர்க்கரையையும் செடி இரவில் மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது. செடி தழைக்கும், கிழங்கு இராது.

ஆகவே தமிழகத்தில் உருளை மலைகளை நாடியது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் நீலகிரியில் ஐரோப்பியக் காய்கறிகளுடன் இதனையும் பயிரிடச் செய்தார். இன்று நீலகிரி உழவர் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என மூன்று பருவங்களில் இதனை விளைவிக்கின்றனர். மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஏலம் போகும் அக்கிழங்கு சமவெளி ஊர்களை அடைகிறது.

ஒன்றுபோல் இருப்பதன் இடர்

உருளைச்செடியும் பூத்துத் தக்காளிபோன்ற சிறு பச்சைக்காய்களை ஈனும். அக்காய்கள் நச்சுத்தன்மை உடையவை. அவற்றுள் உண்மையான விதைகள் உண்டு. எனினும் உழவர் நடுவது கிழங்கையே. கிழங்கிலிருந்து வரும் செடி தாய்ச்செடியின் நேர்படி. சுவையும் அளவும் மாறாது கிடைப்பது இதன் நன்மை. ஒரு செடியை வீழ்த்தும் நோய் வயல் முழுவதையும் வீழ்த்தக்கூடும் என்பது இதன் இடர்.

அயர்லாந்து நாட்டின் ஏழை மக்கள் உருளைக்கிழங்கு ஒன்றையே, அதிலும் பெரும்பாலும் ஒரே இரகத்தையே நம்பி வாழ்ந்தனர். 1845இல் இலைக்கருகல் நோய் பரவியது. வயல்கள் கருகின, சேமித்த கிழங்குகள் அழுகின. 1852வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் நாடு துறந்தனர். அக்காலத்திலும் அந்நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியானது. செடிக்கு வந்த நோய் மாந்தர்க்குப் பஞ்சமானதில் மனிதர் வகுத்த முறைகளுக்கும் பங்குண்டு.

நம் நீலகிரியும் ஒரு சோதனையைச் சந்தித்தது. உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் உதகமண்டலத்தில் கண்டறியப்பட்டது. இப்புழுவின் வாழ்வு வியப்புக்குரியது. பெண்புழு இறந்தபின் அதன் உடலே நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கும் கூடாகிறது. உருளைச்செடியின் வேர் கசியும் பொருளை உணரும்வரை முட்டைகள் மண்ணில் பல ஆண்டுகள் காத்திருக்கும். பிற பகுதிகளுக்கு அது பரவாதிருக்க, நீலகிரியின் விதைக்கிழங்கு வெளியே செல்வதற்குச் சட்டத்தின்வழித் தடை விதிக்கப்பட்டது. உதகைக்கு அருகில் முத்தோரையில் 1957இல் தொடங்கப்பெற்ற உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பில் எதிர்ப்புத்திறன் மிக்க இரகங்கள் உருவாயின. 1985இல் வெளியிடப்பட்ட குஃப்ரி சுவர்ணா அவற்றுள் குறிப்பிடத்தக்கது. உருளைக்குப் பின் முட்டைக்கோசு, கேரட், பூண்டு எனப் பயிரை மாற்றுவதும் புழுவின் பெருக்கத்தைக் குறைக்கிறது.

கரிசல் உழவர் ஒரே புஞ்சையில் பருத்தியுடன் உளுந்தையும் பாசியையும் ஊடுபயிராக இடுவர். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பது அவர்தம் கணக்கு. அயர்லாந்து பேரிழப்பால் கற்ற பாடம் அக்கணக்கிலும் அடங்கியிருக்கிறது.

நிறைவாக

ஏந்தலின் நீர் ஊருக்கு உரியது. கிழங்கின் மாவு அதன் அடுத்த தலைமுறைக்கு உரியது. அதனை எடுத்து நாம் உண்கிறோம். அது விடுக்கும் எச்சரிக்கையைப் படித்தறிவதும், அதன் பன்மையைக் காப்பதும் நம் கடமை. அடுத்தமுறை உருளைக்கிழங்கைக் கையில் எடுக்கும்போது அதன் கண்களை ஒருகணம் உற்றுநோக்குங்கள். அவை உறங்குகின்றன, உயிரற்றவை அல்ல.

கற்பவை கற்றபின்…

1. இரண்டு உருளைக்கிழங்குகளை எடுத்து, ஒன்றை வெளிச்சத்திலும் மற்றொன்றை இருட்டிலும் இரு வாரங்கள் வைத்து, காணும் மாற்றங்களை நாள்வாரியாகக் குறிப்பெடுக்க. சோதித்தபின் அக்கிழங்குகளை உண்ணலாகாது.

2. உங்கள் ஊரில் கிடைக்கும் கிழங்கு வகைகளைத் திரட்டி, வேர், தண்டு, முளை என வகைப்படுத்தி அட்டவணை அமைக்க.

3. ஏந்தல், கண்மாய், ஊருணி, தாங்கல் முதலிய நீர்நிலைப் பெயர்களில் முடியும் ஊர்ப்பெயர்களைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: உருளைக்கிழங்கு தண்டே என்பதற்குரிய சான்றுகள் யாவை?

சிறுவினா: பச்சைநிறக் கிழங்கை விலக்கவேண்டியதன் காரணத்தை விளக்குக.

நெடுவினா: 'ஒன்றையே நம்பும் வேளாண்மை இடர் தரும்' – அயர்லாந்து, நீலகிரி, கரிசல் நிலம் ஆகியவற்றின் பட்டறிவைக் கொண்டு கட்டுரை வரைக.