வலி மாத்திரையும் சிறுநீரகமும்

ஒர்க் ஷாப்பில் ஃபைல் போட்டுத் தோள் வலித்தாலும், கபடியில் முட்டி வீங்கினாலும் நாம் போய் நிற்பது மெடிக்கல் ஷாப்பில்தான். "அண்ணே, வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்போம். பெரும்பாலும் கிடைப்பது டைக்ளோஃபெனாக். அதைப் பற்றி நான் படிக்க நேர்ந்தது என் அப்பாவால்.

அப்பாவுக்குக் கல்குவாரியில் வேலை. போன சித்திரை வெயிலில் முதுகு வலி தாங்காமல் காலையில் ஒரு மாத்திரை, மத்தியானம் வேறு கலரில் ஒன்று, ராத்திரி மறுபடி என்று போட்டிருக்கிறார். கால் வீங்கி, சிறுநீர் குறைந்த பிறகுதான் வாய் திறந்தார். ரத்தத்தில் கிரியேட்டினின் 1.3க்குள் இருக்க வேண்டியது, அவருக்கு 3.1.

அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். பெயர் வேறு, கம்பெனி வேறு. பின்னால் பொடி எழுத்தில் இரண்டிலும் டைக்ளோஃபெனாக் 50 மி.கி.! பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மி.கி.தான் உச்ச அளவு. அப்பா சில நாள் 250 வரை போயிருக்கிறார். எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த அட்டைகள் இரண்டு மாதமாக சாமி படத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தன.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போக மீதியைத் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. எந்த ஃபில்டருக்கும் இன்லெட்டில் பிரஷர் வேண்டும் என்பது நாம் ஹைட்ராலிக்ஸில் படித்ததே. வெயிலில் வேர்த்து, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் அந்த பிரஷர் இறங்கும். அப்போது பிராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உள்ளே வரும் ரத்தக்குழாயை விரித்துக் கொடுத்து நிலைமையைச் சமாளிக்கும். ஆனால் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதும் இதே வகைப் பொருள்தான்! மாத்திரை அதன் உற்பத்தியை உடம்பு முழுக்க நிறுத்துகிறது. முதுகு வலி குறையும். கூடவே சிறுநீரகத்தின் இன்லெட் வால்வும் சுருங்கும். ஐபுபுரூஃபனும் இப்படித்தான். பாராசிட்டமால் இந்த விஷயத்தில் கொஞ்சம் சாது. அதுவும் அளவு மீறினால் முதலில் கல்லீரலையும் சில சமயம் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது 2004இல் தெரியவந்தது. 2006இல் மாட்டுக்குப் போடுவதை நம் நாட்டில் தடை செய்தார்கள். மனுஷனுக்குத் தடை இல்லை, அளவு மட்டும்தான்.

மாத்திரையை நிறுத்தி, டிரிப்ஸ் ஏற்றி, ஆறு வாரத்தில் அப்பாவுக்கு 1.6க்கு இறங்கியது. மீதி இறங்குமா என்று கேட்டேன். "பார்க்கலாம் தம்பி" என்றார் டாக்டர். முதுகு வலி அப்படியேதான் இருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோம். குவாரிக்கு இப்போது ரெண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போகிறார்.