கொறங்காடும் கறியும்: ஒரு சிவில் மாணவனின் கணக்கு

பாலிடெக்னிக் மலரில் ஆட்டைப் பற்றி என்ன பாடம் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மண், மழைநீர், வேலி மூன்றும் எங்கள் சிவில் பிரிவுக்குச் சொந்தம்தானே! அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் முள்வேலி அடைத்த புல்காடுகளைப் பார்த்திருப்பீர்கள். தரிசு என்று நினைத்திருந்தால் தவறு. அதுதான் கொறங்காடு. தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. மழை குறைந்த சீமைக்கு எங்கள் முன்னோர் போட்ட டிசைன் இது. கிளுவைக் கொம்பை வெட்டி நட்டால் தழைத்துவிடும். கம்பிவேலிச் செலவே இல்லை. கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கு இரையாகும். காங்கேயம் மாடுகளும் மேச்சேரி ஆடுகளும் இந்தக் காடுகளில் மேய்பவைதான்.

ஆடு மேய்ந்தால் நிலம் கெடும் என்கிறார்களே? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆட்டின் எண்ணிக்கையைவிட, புல்லுக்கு ஓய்வு தராத மேய்ச்சல்தான் நிலத்தைக் கெடுக்கிறது. பிரான்ஸ் நாட்டு ஆந்த்ரே வுவாசன் 1957-இல் வெளியிட்ட நூலில் இதையே வற்புறுத்தினார். கடிபட்ட புல், தூரிலும் வேரிலும் சேர்த்து வைத்த சத்தைச் செலவழித்துத்தான் புது இலை விடும். செலவழித்ததைத் திருப்பிச் சேர்ப்பதற்குள் மறுபடி கடிபட்டால் வேர் சுருங்கும். மண் இறுகும். பெய்த மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும். பிறகு ஆடு சீண்டாத செடிதான் மிஞ்சும்.

கணக்குக்கு வருவோம். 25 கிலோ ஆடு நாளுக்கு உடல் எடையில் 3 சதவீதம், அதாவது முக்கால் கிலோ உலர்புல் தின்னும் என்று வையுங்கள். 20 உருப்படிக்கு 15 கிலோ, மாதம் 450 கிலோ. நாலு ஏக்கரையும் ஒரே காடாக விட்டால் ஆடு இளந்தளிரையே தேடித் தேடிக் கடிக்கும். நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10 நாள் மேய்த்தால் ஒவ்வொரு பங்குக்கும் 30 நாள் ஓய்வு. மழையில்லாத மாதத்தில் அதுவும் பத்தாது. ஆட்டைக் குறைக்கத்தான் வேண்டும்.

கறி? (ஹாஸ்டல் நண்பர்கள் இதற்குத்தான் காத்திருப்பார்கள்!) தானியத் தீவனம் தின்ற ஆட்டைவிடப் பசும்புல் மேய்ந்த ஆட்டின் கறியில் ஒமேகா-3 அதிகம், கொழுப்பும் பொதுவாகக் குறைவு. ஆனால் மீனோடு ஒப்பிட்டால் அந்த ஒமேகா-3 கொஞ்சம்தான். கறியை மருந்து என்று விற்பவர்களை நம்ப வேண்டாம்.

எங்களுக்கும் நாலு ஏக்கர் உண்டு. பக்கத்துக் காட்டில் சைட் கல் நட்டாகிவிட்டது. "புல்லு என்னத்தடா கண்ணு சம்பாதிச்சுக் குடுக்குது?" என்கிறார் அப்பா. "வித்துப்போட்டா மறுக்கா வாங்க முடியுமாடா?" என்கிறார் அப்பாரு. சைட் விலையை என் 20 ஆடும் எட்டாதுதான். ஒரு வருஷம் பொறுங்கப்பா என்று கேட்டிருக்கிறேன்; அரை மனசாகச் சரி என்றிருக்கிறார். கூட்டல் குறி மாதிரி குறுக்குவேலி இரண்டு போட வேண்டும். கிளுவைக் கொம்பு வெட்ட லீவில் வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள். மத்தியானம் கறிச்சோறு உண்டு.