பிசிறு எழும்வரை

கத்தி தீட்டிப் பழக நினைப்பவர் முதலில் கேட்பது எந்தக் கல்லை வாங்குவது என்று. அடுத்துக் கேட்பது ஒரு பக்கத்துக்கு எத்தனை தடவை தேய்ப்பது என்று. முதல் கேள்விக்குக் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதற்கு ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்கிறவர்களை நம்பித்தான் பலர் மணிக்கணக்கில் தேய்த்துவிட்டு, தக்காளித் தோலைக்கூட அறுக்காத கத்தியோடு எழுந்து போகிறார்கள். இருபது தேய்ப்பில் கூராகிவிடும் கத்தி உண்டு. இருநூறு கேட்கும் கத்தியும் உண்டு. எஃகின் கடினம், எவ்வளவு மழுங்கியிருக்கிறது, கல்லின் சொரசொரப்பு, கையின் அழுத்தம் ஆகிய நான்கும் ஆளுக்கு ஆள், கத்திக்குக் கத்தி மாறும்போது எண் எப்படிப் பொருந்தும்? போதுமா போதாதா என்பதைச் சொல்லும் அடையாளம் கத்தியிலேயே எழுகிறது. அதுதான் பிசிறு. அதை விரலால் கண்டுகொள்ளத் தெரிந்தவருக்கு இருநூறு, முந்நூறு ரூபாய்க் கல் போதும். தெரியாதவருக்கு ஜப்பானிலிருந்து வரவழைத்த கல்லும் வீண்செலவு.

கூர் என்பது இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோடு. நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்தக் கோட்டின் பருமன் ஒரு மைக்ரான் அளவில் இருக்கும். தலைமுடியின் பருமனே 50 முதல் 100 மைக்ரான் வரை என்றால் அது எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். அவ்வளவு மெல்லிய எஃகு தேய்கிறது, ஒரு பக்கமாகச் சாய்கிறது, நுண்ணிய துண்டுகளாக உடையவும் செய்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் சவர பிளேடை மின்னணு நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். எஃகைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையான முடியே, வளைந்து மோதும் கோணம் வாய்த்தால், பிளேடின் விளிம்பைச் சிதைத்துவிடுகிறது என்று தெரிந்தது. முடிக்கே அப்படியென்றால் கிரானைட் மேடையில் வைத்து வெங்காயம் நறுக்கும் கத்தியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வேலையைத் தொடங்குமுன் கத்தியை விளக்குக்கு அடியில், விளிம்பு மேலே பார்க்கும்படி பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது, அங்கே எதுவுமே தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாகப் பளபளக்கும். உடைந்த இடம் புள்ளியாக மின்னும். எங்கே எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கு இதுவே வரைபடம்.

அந்த வெள்ளைக் கோடு மறைய வேண்டுமானால் இரண்டு சரிவுகளும் தேய்ந்து மறுபடி ஒன்றையொன்று தொட வேண்டும். ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்துக்கொண்டே போனால், சரிவு விளிம்பை எட்டும் நேரத்தில் அங்கே மிஞ்சியிருக்கும் எஃகு தாங்க முடியாத அளவு மெலிந்து, கல்லுக்கு எதிர்ப் பக்கமாக மடிந்து நிற்கும். அந்த மடிப்புத்தான் பிசிறு. பிசிறு எழாத வரை கல் விளிம்பைத் தொடவே இல்லை, அதற்கு மேலே சரிவின் தோளைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். புதிதாகப் பழகுகிறவர்களின் தோல்வியில் பெரும்பகுதி இங்கேதான். அரை வேலையில், ஏதோ ஒரு எண்ணிக்கை முடிந்தது என்று பக்கத்தை மாற்றிவிடுகிறார்கள்.

கல்லைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைஸாகவும் உள்ள கார்பரண்டம் கல் போதும். அதன் மணல் சிலிக்கான் கார்பைடு. எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர் 1891-ல் செயற்கை வைரம் செய்யும் முயற்சியில் எதேச்சையாகக் கண்டது. கடினத்தில் வைரத்துக்குக் கீழே நின்றாலும் எஃகுக்கு வெகு மேலே நிற்பது. சென்னையில் 1954-ல் தொடங்கிய கார்பரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரில் இருப்பதும் இந்தக் கார்பரண்டமே. கொஞ்சம் கூடச் செலவு செய்ய மனமிருந்தால் 1000 கிரிட் நுண்மையுள்ள நீர்க்கல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கும் வழியில்லை என்றால் பெயின்ட் கடையில் 320, 1000 எண்ணுள்ள வாட்டர் பேப்பர் வாங்கி, மீந்துபோன டைல்ஸ் துண்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். காகிதத்தில் மட்டும் விளிம்பைப் பின்னோக்கியே இழுக்க வேண்டும், முன்னே தள்ளினால் காகிதம் கிழியும். கார்பரண்டம் கல்லின் மேல் தண்ணீரோ தையல் மெஷின் எண்ணெயோ விடுவது, தேய்ந்து வரும் எஃகுத் துகள் கல்லின் கண்களை அடைக்காமல் இருக்க. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாள்பட்டால் பிசுபிசுத்து அந்தக் கண்களை அவையே அடைத்துவிடும். கல்லுக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை மடித்துப் போட்டால் நகராது.

அடுத்தது கோணம். பக்கத்துக்கு 20 டிகிரி என்பது வீட்டுக் கத்திக்கும் மடக்குக்கத்திக்கும் பொதுவாகப் பொருந்தும். ஜப்பானிய வகைக் கத்திகளின் எஃகு கடினம் கூடியது. அதனால் அவை 15 டிகிரியைத் தாங்கும். எலும்பு வெட்டும் கனத்த கத்திக்கு 25. கோணமானி தேவையில்லை, கணக்குச் சுலபம்: விளிம்பிலிருந்து முதுகு வரை அலகின் அகலம் எவ்வளவோ அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறக்குறைய 20 டிகிரி, நான்கில் ஒரு பங்கு என்றால் 15-க்குச் சற்றுக் குறைவு. நாலரை சென்டிமீட்டர் அகலக் கத்திக்கு முதுகு ஒன்றரை சென்டிமீட்டர் உயர வேண்டும், ஒன்றரை சென்டிமீட்டர் அகலப் பேனாக்கத்திக்கு ஐந்து மில்லிமீட்டர். அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி, முதுகை அதன்மேல் ஒருமுறை சாய்த்துப் பார்த்துக் கையைப் பழக்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே இருக்கும் சரிவையே பின்பற்ற நினைத்தால் இன்னும் நல்ல வழி, மார்க்கர் பேனாவால் சரிவு முழுக்க மை பூசிவிட்டு இரண்டு தேய்ப்புத் தேய்த்துப் பார்ப்பது. மை மேல்பக்கம் மட்டும் அழிந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்க வேண்டும்; விளிம்போரம் மட்டும் அழிந்தால் இறக்க வேண்டும்.

கை ஆடுமே, இருபது டிகிரியை யாரால் பிடிக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கை ஆடத்தான் செய்யும். இரண்டு மூன்று டிகிரி ஆட்டத்தால் சரிவு தட்டையாக இல்லாமல் சற்றே புடைத்து அமையும், அவ்வளவுதான். புடைத்த சரிவும் விளிம்பில் சந்தித்தால் நன்றாகவே வெட்டும். சந்தித்ததா என்பதுதான் கேள்வி, அதைப் பிசிறு சொல்லிவிடும். கோணத்தைப் பற்றிய பயத்தில் நூற்றுக்கணக்கில் கொடுத்துக் கிளிப்பும் சட்டமும் வாங்குவது அவரவர் விருப்பம்.

சொரசொரப்பான பக்கத்தில் தொடங்குங்கள். வலது கை பிடியில், இடது கையின் இரண்டு விரல்கள் அலகின் மேல், விளிம்புக்குச் சற்று உள்ளே. விளிம்பு முன்னே போகும்படி தள்ளி, பிடியோரம் தொடங்கி நுனி வரை ஒவ்வொரு பகுதியும் கல்லைத் தொடும்படி நகர்த்துங்கள். நுனிக்கருகே அலகு வளையும் இடத்தில் பிடியைக் கொஞ்சம் உயர்த்தாவிட்டால் விளிம்பு கல்லை விட்டு எழுந்துவிடும். வீட்டுக் கத்திகளில் நுனி மட்டும் மொட்டையாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அழுத்தம் எவ்வளவு என்று சொல்லி விளக்குவது கடினம். சமையலறைத் தராசின் மேல் கல்லை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தால் விளங்கும்: ஆரம்பத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ, கடைசியில் கத்தியின் எடையைவிடக் கொஞ்சம் கூட இருந்தாலே போதும். சில தேய்ப்புகளுக்கு ஒருமுறை நிறுத்தி, தேய்க்காத பக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி இழுத்து வெளியே விடுங்கள். விளிம்பின் நீளத்தோடு ஒருபோதும் விரலை ஓட்டக் கூடாது, அது கையை அறுத்துவிடும். நகத்தில் மெல்ல இடறுவது போல் ஒரு சொரசொரப்புத் தட்டினால் அங்கே பிசிறு எழுந்துவிட்டது. விரலுக்குப் பிடிபடவில்லை என்றால் பஞ்சை அதே திசையில் இழுத்துப் பாருங்கள், பிசிறு இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். பிடியோரம் எழுந்து நுனியில் எழாமல் இருக்கும், நடுவில் விட்டுப்போயிருக்கும். விட்ட இடத்தை மட்டும் மறுபடி தேய்க்க வேண்டும். முழு நீளத்துக்கும் எழுந்த பிறகுதான் பக்கம் மாற்றலாம். மறுபக்கம் தேய்க்கையில் பிசிறு இந்தப் பக்கத்துக்குப் புரளும். அதற்கு முதல் பக்கத்தளவு நேரம் பிடிக்காது.

பிசிறோடு நிறுத்துவது பிசிறே எழுப்பாததைவிட ஏமாற்றம் தருவது. அந்த நிலையில் கத்தி காகிதத்தை அழகாக அறுக்கும், மனம் குளிரும்; இரண்டு வெங்காயத்தில் பிசிறு மடிந்து பழைய மொட்டைக்கே திரும்பும். எழுப்பியதை இப்போது நீக்க வேண்டும். நைஸான பக்கத்தில் அழுத்தத்தைப் பாதியாக்கி இரு பக்கமும் தேய்த்து, பிறகு ஒரு தேய்ப்பு இந்தப் பக்கம், ஒரு தேய்ப்பு அந்தப் பக்கம் என மாற்றி மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் கையை இன்னும் லேசாக்கிக்கொண்டே போங்கள். கடைசி இரண்டு தேய்ப்புக்கு முதுகை ஒரு மயிரிழை கூடத் தூக்கினால் பிசிறின் வேர் அறும். பின்னர் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்திலோ, பலகையில் இறுக்கிக் கட்டிய ஜீன்ஸ் துணியிலோ விளிம்பைப் பின்னோக்கி இழுத்துத் துடைத்தால் மீதியும் போகும். மலிவான எவர்சில்வர் கத்திகளின் மென்மையான எஃகில் பிசிறு விடாமல் ஒட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரண்டுகொண்டே இருக்கும். இங்கே அவசரம் ஆகாது. அத்தகைய எஃகுக்கு 1000 கிரிட்டுக்கு மேல் போவதால் அடுப்படியில் பெரிய லாபம் இல்லை. விளிம்பில் மிஞ்சும் நுண்ணிய பல் போன்ற சொரசொரப்பே தக்காளி, கத்திரிக்காய்த் தோலைப் பற்றி அறுக்க உதவுகிறது. கண்ணாடி போல் மின்னும் விளிம்பு படமெடுக்க நன்றாக இருக்கும்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், கத்தி மொட்டையாக இருந்தால்தான் பயமில்லை என்று ஒரு வாதம் உண்டு. குழந்தை எட்டாத உயரத்தில் வைப்பது அதற்குச் சரியான பதில். நறுக்குகிறவருக்கோ மொட்டைக் கத்திதான் ஆபத்து. இறைச்சி வெட்டும் தொழிலாளர்களை வைத்து நடந்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, கத்தி கூராக இருக்கையில் வெட்டும் விசையும் பிடியை இறுக்கும் விசையும் குறைவதை அளந்து காட்டியது. விசை கூடக் கூட, கத்தி வழுக்கினால் கையில் இறங்கும் வேகமும் கூடும். கண்ணீருக்கும் இதில் தொடர்பு உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 2025-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மழுங்கிய கத்தி வெங்காயத் தோலை அறுக்குமுன் அமுக்குகிறது. உள்ளே அழுத்தம் ஏறி, தோல் விடும்போது சாறு அதிகமாகவும் வேகமாகவும் தெறிக்கிறது. சின்ன வெங்காயம் கிலோ கணக்கில் அரிகிற வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது: தெருவில் சாணை பிடிப்பவர் வந்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இவ்வளவு பாடு எதற்கு? நுனி உடைந்த கத்தி, பெரிய பொக்கை விழுந்த விளிம்பு, வெட்டரிவாள் எல்லாம் அவரிடம்தான் போக வேண்டும்; கையால் தேய்த்து மாளாது. ஆனால் மாதாமாதம் சக்கரத்தில் கொடுத்தால் அலகு கண்ணெதிரே குறுகும். நிதானமில்லாத கையில் விளிம்பு சூடேறி நீலம் பாயும். நீலம் என்றால் சாதாரணக் கார்பன் எஃகு 300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாகியிருக்கிறது, அந்த இடம் பதம் இழந்துவிட்டது, இனி கூர் நிற்காது. கத்தியை இடுக்கில் விட்டு இழுக்கும் சின்னக் கருவிகளும் வேகமானவைதான். அவை எஃகைத் தேய்ப்பதைவிடப் பிய்க்கின்றன, பிசிறை நீக்க அவற்றுக்கு வழியில்லை. ஐம்பது ரூபாய்க் கத்திக்கு அதுவே போதும் என்பவரோடு சண்டை போட ஒன்றுமில்லை. இறைச்சிக் கடையில் பார்க்கும் எஃகுக் கம்பி வேறு வகை: சாய்ந்த விளிம்பை நிமிர்த்த நல்லது, தேய்ந்துபோன விளிம்பை மீட்க அதனால் ஆகாது. பீங்கான் கோப்பையின் அடியில், பளபளப்புப் பூசாத வளையத்தில் தேய்க்கிற பழக்கத்தில் உண்மை இருக்கிறது. அது நைஸான கல்லின் வேலையைச் செய்யும்.

மடக்குக்கத்தியில் வேலை இதேதான், கவனம் மட்டும் கூட வேண்டும். பூட்டு உள்ளதென்றால் பூட்டிக்கொண்டு தீட்டுங்கள். பூட்டில்லாத பேனாக்கத்தியில் அழுத்தம் முதுகுப் பக்கம் விழுந்தால் அலகு விரலின் மேல் மடங்கும். விக்டோரினாக்ஸ் போன்ற சுவிஸ் கத்திகளின் எஃகு அவ்வளவு கடினமில்லாதது, பிசிறு சீக்கிரம் எழும், பழக ஏற்றது. முடித்ததும் கல் துகள் கீலில் தங்காமல் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். அரிவாள்மனைக்கு முறை தலைகீழ். அலகு வளைந்து பலகையில் நிலையாக நிற்பதால் கல்லைத்தான் அதனிடம் கொண்டுபோக வேண்டும்: உடைந்த கார்பரண்டம் துண்டு ஒன்றை, விரல்கள் விளிம்புக்கு மேலே வராதபடி பிடித்து, கீழிருந்து மேலாகச் சிறு சிறு பகுதியாகத் தேய்த்து, எதிர்ப் பக்கம் பிசிறு எழுகிறதா என்று அவ்வப்போது தடவிப் பாருங்கள். தேங்காய் துருவும் பல்லை இந்தக் கல்லால் தொட வேண்டாம். அதற்கு முக்கோண அரம் இருக்கிறது.