வன்தட்டை நிரப்பியது எது? – கணினி ஆய்வகத்தில் ஒரு தேடல்

எங்கள் பள்ளி ஆய்வகக் கணினி ஒன்றில் சி டிரைவ் நிரம்பி, புதிய கோப்பு எதையும் சேமிக்க முடியாமல் போனது. 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாம்' என்பதே இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை. ஆனால், எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்த நாட்டார் கதைகள் அதில்தான் இருந்தன. எனவே, அழிக்கும் முன் காரணத்தைத் தேடுவோம் என்று முடிவுசெய்து, அந்தத் தேடலையே பாடமாக்கினேன்.

ஊகித்தல்: அதிக இடம் பிடிப்பது எது என்று கேட்டேன். எண்ணிக்கையில் அதிகமாக இருந்ததால், புகைப்படங்கள் என்றே பலரும் சொன்னார்கள். 4 எம்பி அளவுள்ள 250 படங்கள் சேர்ந்தால்தான் 1 ஜிபி காணொலி ஒன்றுக்கு ஈடாகும் என்று கரும்பலகையில் கணக்கிட்டதும் ஊகம் மாறியது.

பார்த்தல்: விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று சென்றால் எந்த வகைக் கோப்புகள் எவ்வளவு இடம் எடுத்துள்ளன என்பது தெரியும். எந்தக் கோப்புறை என்று அறிய, 'வின்டிர்ஸ்டாட்' என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினோம். உபுண்டு உள்ள கணினிகளில் 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' இதே வேலையைச் செய்யும்.

வின்டிர்ஸ்டாட் ஒவ்வொரு கோப்பையும் ஒரு வண்ணச் செவ்வகமாகக் காட்டும். கோப்பு பெரிதானால் செவ்வகத்தின் பரப்பும் பெரிதாகும். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் பென் ஷ்னைடர்மன் 1990இல் உருவாக்கிய முறை இது. 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி வன்தட்டு நிரம்பிப்போனதே அவரை இதைச் சிந்திக்க வைத்தது. நம் சிக்கலும் அதுதானே!

கண்டறிதல்: டவுன்லோட்ஸ் கோப்புறையில் ஒரே பாடக் காணொலி (1), (2), (3) என்ற எண்களுடன் பலமுறை பதிவிறங்கியிருந்தது. அழித்ததாக நினைத்தவை மறுசுழற்சித் தொட்டியில் இருந்தன. தொட்டியைக் காலி செய்யும்வரை அவை வன்தட்டில் இடம் பிடித்துக்கொண்டே இருக்கும். இவ்விரண்டையும் நீக்கியதுமே கணினி வழக்கம்போல் இயங்கியது. கதைப் பதிவுகளும் பத்திரமாக இருந்தன.

கவனத்தில் கொள்ள:

• அழிக்கும் முன் மாணவர் படைப்புகளைப் பென் டிரைவில் நகலெடுங்கள்.

• விண்டோஸ் கோப்புறைக்குள் எதையும் கையால் அழிக்காதீர்கள். தற்காலிகக் கோப்புகளை ஸ்டோரேஜ் பகுதி வழியாகவே நீக்குங்கள்.

• யாருடைய கோப்பு என்று தெரியாவிட்டால், கேட்டுவிட்டு நீக்குங்கள்.

கணிதத்தோடு இணைப்பு: 500 ஜிபி என்று வாங்கிய வன்தட்டைக் கணினி ஏறத்தாழ 465 ஜிபி என்று காட்டுவது ஏன் என்று ஒரு மாணவி கேட்டாள். தயாரிப்பாளர் 1 ஜிபியை 1000இன் மூன்றாம் அடுக்காகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024இன் மூன்றாம் அடுக்காகக் கணக்கிடுகிறது. அடுக்குகள் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது மாதம் ஒருமுறை இரண்டு மாணவர்கள் ஒவ்வொரு கணினியிலும் மீதமுள்ள இடத்தைக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். எண் திடீரென்று குறைந்தால், காரணத்தை அவர்களே தேடத் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் ஆய்வகத்திலும் ஒரு பாடவேளையில் இதைச் செய்து பார்க்கலாம்.